முதுகில் வைத்த கண்

மகளே,

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறையிலிருந்து மூவுலகத்தையும் படம் பிடித்து ஆண்டுவரும் உன் சித்தப்பன் எழுதுகிறேன். இந்த ஜில்லாவிலும் பக்கத்து அரியலூர் ஜில்லாவிலும் நான் வீடியோ எடுக்காத கல்யாணத்தில் தாலி சரியாக ஏறுவதில்லை என்பதும், என் கேமராவுக்குப் பயந்து மழையே இரண்டு தடவை லப்பைக்குடிக்காட்டோடு திரும்பிப் போனது என்பதும் உனக்குத் தெரிந்த சரித்திரம்தான். இன்றைக்கு அந்த அளப்பையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். முழுசாக வைக்க முடியாது. அளந்து அளந்தே வளைந்துபோன வாய் இது. நேராகப் பேசினால் வலிக்கிறது.

உன் அப்பா, அதாவது என் அண்ணன், துபாயில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் உன் ஸ்கூல் பாரம் ஒவ்வொன்றிலும் 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். சித்தப்பா என்று நீ கூப்பிட்டாலும் மகளே என்று எழுதும் பாத்தியதை எனக்கு அப்படி வந்ததுதான். கம்ப்யூட்டர் படித்தாய். சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாய். பழங்குடிகள், தொல்குடிகள், எழுத்தில் ஏறாத சனங்கள் எல்லாருடைய பாட்டையும் பேச்சையும் சாமியையும் கம்ப்யூட்டரில் பாதுகாக்கிற வேலை என்றாய். வருகிற திங்கட்கிழமை முதல் தடவையாகப் பச்சைமலைக்குப் பதிவுக்குப் போகிறாய். அதற்கு முன்னால் எனக்கு ஒரு மெயில் போட்டாய். 'சித்தப்பா, நம்ம அத்தை ஏரிக்கரைல பாடற பாட்ட யாரோ திருட்டுத்தனமா எடுத்து நெட்ல விட்டுட்டாங்க. ஒங்க ஹார்டு டிஸ்க்ல அத்தை பாடினது ஏதாச்சும் இருந்தா குடுங்க. நாம அத முறையா செய்வோம்.' கூடவே பதினாலு பக்கத்துக்கு ஒரு திட்டம். அதைப் படித்துவிட்டு மூன்று நாள் நான் கடையைத் திறக்கவில்லை. பெரம்பலூரே இருண்டுபோனது என்று எழுத ஆசைதான். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர்கூடக் கவனிக்கவில்லை.

அந்த யாரோ நான்தான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் உன் அத்தை. அதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதத்தில் யார் பெயரும் இருக்காது. ஏரி எது, எந்த ஊரில் என்பதும் இருக்காது. உன் பெயரைக்கூடப் போடவில்லை, ஏனென்றால் போடலாமா என்று உன்னை நான் கேட்கவில்லை. முன்பு கேட்காமல் போட்டதற்கே இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்குப் பதிமூன்று வயதில் மஞ்சள் நீராட்டு விழா வைத்தோம். நான்தான் வீடியோ. கழுத்து நிறைய மாலையோடு, தலை நிமிராமல், உதட்டைக் கடித்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததை நெருக்கத்தில் எடுத்தேன். என் வாழ்நாளில் எடுத்ததிலேயே சிறந்த ஷாட் அது என்று எனக்கு ஒரு கர்வம். விழா முடிந்த வாரமே அதைக் கடை வாசல் டி.வி.யில் ஓட விட்டேன். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பேர்வழிகள் எல்லாம் பல் குத்திக்கொண்டே அதைப் பார்த்தார்கள். நீ வந்து, "சித்தப்பா, அத எடுத்துருங்க, கிளாஸ் பசங்கல்லாம் பாக்குறாங்க" என்றாய். "அடிப் பைத்தியமே, நீ பெரம்பலூரோட நட்சத்திரம்டி" என்று சொல்லிச் சிரித்தேன். இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் நீ பஸ் ஸ்டாண்டு வழியாக வராமல், வெயிலில் சுற்றுப்பாதையில் ஸ்கூலுக்கு நடந்து போனாய் என்பது எனக்கு இப்போதுதான், உன் மெயிலைப் படித்தபோதுதான், உறைத்தது. அது கண்ணில் படவேயில்லை என்று சொல்லவும் முடியாது. பிள்ளைக்கு நடை நல்லது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே என்னை நினைத்தால் வாயில் எச்சில் ஊறித் துப்பத் தோன்றுகிறது.

ஏரிக்கரை விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம்முடையவர்கள் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தில் உழைத்தவர்கள். அது இல்லாத மாதங்களில் சுண்ணாம்புக் காளவாயில் கல் சுட்டவர்கள். ஆண்டைகளின் நோட்டில் நம்மை ஆள் என்று எழுதுவார்கள், பெயர் எழுத மாட்டார்கள். நமக்குப் பட்டா கிடையாது, கல்வெட்டு கிடையாது. நமக்கு இருப்பதெல்லாம் மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை. ஏரிக்கரையில் இலை போட்டு, களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்து, நம் வீட்டுப் பெண்கள் செத்துப்போன எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று ஒரு வரி, பிறகு வந்து சாப்பிடு என்று ஒரு வரி. பாதி பாட்டு, பாதி அழுகை. முன்னால் நின்று கூப்பிடுகிறவள் என் அக்கா, உன் அத்தை. அந்த நேரத்தில் ஆம்பளைகள் அங்கே இருக்கலாம், கேட்கலாம். ஆனால் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. விடியலில் குளிரும், முதுகில் வெயில் பட்டால் சுகமாக இருக்கும், அதற்காக என்று நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். உலகத்தில் எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். நீ வேலை பார்க்கிற இடம் இல்லை, வேறு. தொல்குடி மரபை டிஜிட்டலில் காப்பாற்றுகிறோம் என்றார்கள். காளவாயில் கல் சுட்ட நம்மைத் தொல்குடி என்று ஒருவர் கூப்பிட்டதும் எனக்குத் தலையில் கிரீடம் முளைத்தது. தலைமையாக வந்த சார் நல்ல மனிதர்தான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். சிமெண்ட் லாரிகள் நிற்கிற இடத்தில் உன் அத்தை டிபன் கடை வைத்திருக்கிறாள் அல்லவா, அங்கே போய்ப் பாட்டைப் பதிவு செய்யலாமா என்று கேட்டார்கள். அக்கா தோசைக்கல்லை விட்டு நகரவில்லை.

"கேக்கணும்னா மாசியில வாங்க, ஒக்காந்து கேளுங்க. ஆம்பளைங்கல்லாம் முதுகு காட்டி ஒக்காரணும். கேட்டவங்க அடுத்த மாசிக்கும் வந்து ஒரு கொடம் தண்ணி எடுத்து ஊத்தணும். அதான் எங்க மொற. பொட்டில அடைக்கறதுன்னா வேணாங்க."

"ஒங்களுக்கு அப்பறம் இது அழிஞ்சிடக் கூடாதுன்னுதாம்மா" என்றார் சார்.

"எனக்கு அப்பறம் எந் தங்கச்சி மவ இருக்கா, எங்க அண்ணம் மவ இருக்கா. நான் என்ன நாளைக்கே சாவப் போறனா? தோச ஆறுது, சாப்புடுங்க."

நன்றாகச் சாப்பிட்டார்கள். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அதோடு விஷயம் மரியாதையாக முடிந்திருக்கும். உன் சித்தப்பன் ஜீப்புக்குப் பின்னால் ஓடினான். என் தொப்பைக்கு அது ஒலிம்பிக் சாதனை. கண்ணாடியைத் தட்டி, "சார், நான் ஏற்பாடு பண்றேன்" என்றேன். சார், "அவங்க சம்மதிப்பாங்களா?" என்றார். "சம்மதம் எம் பாக்கெட்ல இருக்கு சார்" என்றேன். அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி இரண்டாவது தடவை வந்திருந்தால் நான் திணறியிருப்பேன். நல்ல மனிதர்கள் இப்படித்தான் மகளே, தங்களுக்கு வேண்டிய பதில் ஒன்று வந்ததும் கேள்வியை நிறுத்திவிடுகிறார்கள்.

ஏன் ஓடினேன் என்று கேட்பாய். அக்காவுக்கு அந்த வருஷம் இளைப்பு வந்திருந்தது. காளவாய்த் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவள் குரல் போய்விடுமோ என்று பயந்தேன். இது நிஜம். ஆனால் பாதி நிஜம். அந்தத் திட்டத்தில் உதவுகிறவர்களுக்கு மேடையில் பொன்னாடை போட்டு, 'மரபுக் காவலர்' என்று பட்டயம் தருவார்கள் என்று டிரைவர் சொல்லியிருந்தார். இருபத்தைந்து வருஷம் ஊரான் கழுத்தில் மாலை விழுவதைப் படம் பிடித்தவனுக்குத் தன் கழுத்தில் ஒன்று விழவேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க என் கற்பனையாலும் முடியவில்லை.

அந்த மாசியில் நான் செய்த காரியத்தை நம் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது, ஏனென்றால் வேறு யாருக்கும் அந்த முறை கிடையாது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதுதானே சட்டம்? நான் திரும்பிப் பார்க்கவில்லை. செல்போனை முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, சட்டையில் அளவாக ஓட்டை வெட்டி, மேலே ஈரிழைத் துண்டைப் போட்டு, துண்டின் மடிப்பை லென்ஸுக்கு வழிவிட்டு ஒதுக்கிக்கொண்டு, மற்ற ஆம்பளைகளோடு யோக்கியனாக முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கண்ணுக்குத்தானே தடை, கண்ணாடிக்கு இல்லையே என்று மனசுக்குள் ஒரு வக்கீல் வாதாடினான். போன் சூடேறி முதுகு வெந்தது. ஒரு கட்டெறும்பு பிளாஸ்திரிக்குள் புகுந்து தன் வேலையைப் பார்த்தது. நான் அசையவில்லை. தவம் செய்த முனிவர்கள்கூட என்னளவுக்கு அசையாமல் இருந்திருக்க மாட்டார்கள். பின்னால் அக்கா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். காளவாயில் விழுந்தவர், பிரசவத்தில் போனவள், பல் முளைக்காமல் போன பிள்ளை. பிறகு ஒரு பெண்ணின் பெயர். அந்த இடத்தில் மட்டும் அக்காவின் குரல் இறங்கும், குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது மாதிரி. எனக்கு உள்ளே கரைந்தது. கரைந்துகொண்டே, ஆடியோ சரியாக விழ வேண்டுமே என்றும் கவலைப்பட்டேன்.

பதிவை வாங்கிக்கொள்ள சார் அனுப்பிய ஆள் டேப்லெட்டில் பாரத்தை நீட்டினான். சமுதாயத் தலைவர் கையொப்பம் என்று இருந்தது. நான்தான் என்று போட்டேன். முத்திரை வேண்டும் என்றான், என் ஸ்டூடியோ ரப்பர் ஸ்டாம்பைத் தாளில் குத்தி, அதைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். ஆக, நம் முன்னோர்களின் சாவுக்கெல்லாம் 'கலர் பிரிண்ட், லேமினேஷன் செய்து தரப்படும்' என்ற முத்திரை விழுந்தது. கீழே வரிசையாகக் கட்டங்கள். ஆய்வாளர்கள் பார்க்கலாமா, பொதுமக்கள் பார்க்கலாமா, இறக்கிக்கொள்ளலாமா, மாற்றிப் பயன்படுத்தலாமா. எல்லாவற்றிலும் டிக் அடித்தேன். பரீட்சையில் எதையும் காலியாக விடக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. பொன்னாடை வந்தது. பட்டயம் வந்தது. கடையில் மாட்டினேன். நீயும் அதன் கீழே நின்று என்னோடு படம் எடுத்துக்கொண்டாய்.

ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் காலை அக்கா கடையில் உட்கார்ந்து பொங்கல் தின்றுகொண்டிருந்தேன். கடைக்கு முன்னால் ஒரு சிமெண்ட் லாரி வந்து நின்றது. கேபினிலிருந்து உடம்பை உலுக்குகிற மேளச் சத்தம். அதற்கு நடுவே ஒரு பெண் குரல், ஏரிக்கரையில் இறங்கி ஒலிக்கும் அந்த ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. கூப்பிட்டு, அறுந்து, மறுபடி கூப்பிட்டு, மேளம் இடித்தது. டிரைவர் தம்பி அதற்குத் தாளம் போட்டபடி இறங்கி வந்தான். அக்கா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்னப்பா பாட்டு இது?" என்றாள்.

"இப்ப இதாங்க்கா ஓடுது. எதோ ஆதிவாசி பாட்டாம். தூக்கம் வராம வண்டி ஓட்டலாம், கும்முன்னு இருக்கும்."

"யாரு பாடறது?"

"யாரோ கெழவிக்கா. இன்னேரம் செத்துருக்கும்."

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டாள். "ரெண்டு வக்கிறேன், சாப்புடு" என்றாள். அவன் சாப்பிட்டு, கைகழுவி, போய்ட்டு வரேங்க்கா என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்குத் தெரியாது. லாரி போன பிறகு அக்கா என்னைப் பார்த்தாள். "யாருடா எடுத்துருப்பா?"

"அந்த ஜீப்புக்காரனுவோதாங்க்கா. மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சி நின்னு எடுத்துருப்பானுவோ."

"ஏரிக்கரைல ஏதுடா மரம்" என்றாள். அவ்வளவுதான். குனிந்து மாவைக் கரைக்க ஆரம்பித்தாள். நான் மிச்சப் பொங்கலை விழுங்கினேன். அந்த முந்திரிப்பருப்பு இன்னமும் என் தொண்டையில்தான் இருக்கிறது, இறங்கவில்லை.

அன்றைக்குப் பிறகு நானே தேடித் தேடிப் பார்த்தேன். ஒரு காலேஜ் விழாவில் பிள்ளைகள் தலைவிரி கோலமாக அதற்கு ஆடுகிறார்கள். ஒருத்தி அதை ஓட விட்டுக் கண்ணுக்கு மை தீட்டுகிறாள். ஒருவன் அதைத் தியான இசை என்று போட்டு, படுக்கும் முன் கேளுங்கள், கவலை பறந்துபோகும் என்கிறான். இன்னொருவன் அக்கா குரலைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்து, அவள் பாடாத சினிமாப் பாட்டையெல்லாம் பாட வைத்திருக்கிறான். கீழே ஆயிரமாயிரம் பேர் நெருப்புப் படமும் கைதட்டும் போட்டிருக்கிறார்கள், புல்லரிக்கிறதாம். யாருடைய பெயர் அது, அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அந்தச் சாருக்கு மெயில் எழுதினேன். உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் பதில் போட்டது. பத்துத் தடவை எழுதிய பிறகு அவர்கள் பக்கத்திலிருந்து எடுத்தார்கள். அதற்குள் அது பத்துத் திசைக்கும் போய்விட்டது. எல்லாரையும் வாய் வலிக்கத் திட்டினேன். திட்டி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தால், தலைக்கு மேலே 'மரபுக் காவலர்' தொங்குகிறது. அந்தக் கட்டங்களில் டிக் அடித்த விரலாலேயே அவர்களைச் சுட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாசியில் அக்கா ஏரிக்கரைக்கு வரவில்லை. நெஞ்சு முடியல என்றாள். மற்ற பெண்கள் களி கிண்டி எடுத்து வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, யாரும் வாயைத் திறக்காமல் திரும்பிப் போனார்கள். ஒருத்தரையும் கூப்பிடவில்லை. நம் தலைமுறைகளில் அப்படி ஒரு மாசி இருந்ததில்லை. "செத்தவங்கல்லாம் வந்து நின்னுட்டு, இலை இல்லாம போயிருக்குங்க" என்று அக்கா பிறகு ஒரு நாள் சொன்னாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

இந்த நிலையில்தான் உன் பதினாலு பக்கம் வந்தது. நல்ல திட்டம். உன் மூளை உன் அப்பனிடமிருந்து வந்ததில்லை, என்னிடமிருந்து வந்தது. ஆனால் அதன் மூன்றாம் பக்கத்தில், 'சமுதாயத் தலைவரின் ஒப்புதல் பெறப்படும்' என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் என் முதுகில் பழைய எறும்பு கடித்தது. பச்சைமலையில் நீ ஜீப்பை விட்டு இறங்கியதும் என்னை மாதிரி ஒருத்தன் ஓடிவருவான். சட்டைப் பையில் பேனா இருக்கும், பேச்சு தேனாக இருக்கும், சம்மதம் எல்லாம் அவன் பாக்கெட்டில் இருக்கும். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடு. வேண்டாம் என்று சொல்லி அடுப்படியிலிருந்து நகராமல் நிற்கிற பெண்பிள்ளை யார் என்று பார், அவளிடம் போய் உட்கார். கருவியை வெளியே எடுக்காமல் உட்கார். அவள் இன்றைக்குச் சரி என்றால் நாளைக்கும் போய்க் கேள், அடுத்த மாதமும் கேள். சொன்ன பிறகு மனசு மாறினால் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதா என்று உன் ஆபீஸில் முதலில் சண்டை போடு. சாவி உங்கள் சென்னை கம்ப்யூட்டரில் இருந்தால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லை, சாவி மலையில் இருக்க வேண்டும். எது அழியப் போகிறது என்று கேட்டுக்கொண்டு போகாதே. எதை வெளியில் காட்டக் கூடாது என்று கேட்டுக்கொண்டு போ. அது ஏன் என்று அவர்கள் சொல்லாவிட்டாலும் சரி. நான் ஏன் என்று தெரியாமல்தான் நாற்பது வருஷம் முதுகு காட்டி உட்கார்ந்தேன். தெரியாததால் அது சும்மா ஒரு பழக்கம் என்று நினைத்தேன். அதுதான் என் ஆதி முட்டாள்தனம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்டு டிஸ்கை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். கடை ஓய்ந்து அக்கா இட்லிக் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டு பேச்சு தயார் செய்துகொண்டு போயிருந்தேன், ஒன்றும் வரவில்லை. "அக்கா, அத எடுத்தது நான்தான்" என்றேன்.

தேய்ப்பதை நிறுத்தவில்லை. "முதுகுலயா வச்சிருந்த?"

"ஆமாக்கா. சட்டைல ஓட்ட போட்டு."

"பொங்கலுக்கு நான் எடுத்துக் குடுத்த வெள்ளச் சட்ட."

"ஆமாக்கா."

"ஏதுடா மரம்னு கேட்டனே, அப்பயே சொல்லியிருக்கலாம்."

"ஒனக்குத் தெரியுமாக்கா?"

"ஒம் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீயா வாயத் தொறப்பன்னு பாத்துகிட்டு இருந்தேன். ஒரு மாசி போயிடிச்சி." குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "ஆம்பளைங்கள எதுக்கு முதுகு காட்டி ஒக்காரச் சொல்றோம், தெரியுமாடா ஒனக்கு?"

தெரியாது என்றேன்.

அப்போது சொன்னாள். குரல் இறங்கிக் கூப்பிடுகிறாளே அந்தப் பெண், காளவாய்க்கு வேலைக்குப் போனவள். அங்கே ஆம்பளைகள் சிலர் அவளுக்குச் செய்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது பாட்டில் இருக்கிறது, அங்கேதான் இருக்க வேண்டும். அதன் பிறகு அவள் ஏரிக்குள் இறங்கினாள், ஏறவில்லை. "அவ ஒரு நாளு, ஒரு வேள கரையேறி வந்து சாப்புடணும்டா. ஏறும்போது ஒரு ஆம்பள மொகம் அவ கண்ணுல படக் கூடாது. அதுக்குத்தான். நம்ம அப்பன் பாட்டன் எல்லாம் அவளுக்காகத்தான் திரும்பி ஒக்காந்தானுவோ. நீ அவளுக்கு மொகத்த காட்டல. அவள ஒலகத்துல இருக்கற அம்புட்டு மொகத்துக்கும் காட்டிட்ட."

நான் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அளக்காமல் அழுதேன். அக்கா சமாதானம் சொல்லவில்லை. "அத அழிச்சிட முடியாதா?" என்று கேட்டாள்.

"நம்மகிட்ட இருக்கறத அழிக்கலாங்க்கா. வெளிய போனத முடியாது. எடுக்க எடுக்க வேற எடத்துல மொளைக்குது."

ரோட்டில் இரண்டு மூன்று லாரிகள் போயின. "அப்ப அந்தப் பேரு அவங்ககிட்டயே கெடக்கட்டும்" என்றாள். "அவளுக்கு வேற பேரு வப்போம். பொறந்த புள்ளைக்கு வக்கிற மாதிரி, பொம்பளைங்க எல்லாம் ஒக்காந்து, மூணு தடவ அவ காதுல சொல்லி வப்போம். இனிமே அந்தப் பேர சொன்னாத்தான் அவ வருவா. பழைய பேர போட்டு எவன் எம்புட்டு மேளம் அடிச்சாலும் அது அவ இல்ல."

பதினாலு பக்கத் திட்டத்திலும் இல்லாத பூட்டு அது, மகளே.

பிறகு தீர்ப்பு சொன்னாள். ஊர் பார்க்கச் செய்ததை ஊர் பார்க்கச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம். எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் வேண்டாம் என்றாள், அடித்துவிட்டேன். எந்த இரண்டு என்று கேட்காதே. ஹார்டு டிஸ்கை அரிசி டின்னுக்குள் வைத்துக்கொண்டாள். "பாப்பா வந்து எங்கிட்ட கேக்கட்டும். நாத்து நடற பாட்டு, தாலாட்டு, நையாண்டியெல்லாம் அவளுக்கு வேணும்னா புதுசா ஒக்காந்து பாடித் தரேன், தாராளமா எடுத்துகிட்டுப் போவட்டும். ஏரிக்கரை மட்டும் கெடையாது" என்றாள். பட்டயத்தை நானே கழற்றினேன். பின்னாலிருந்த பலகை நல்ல பலகை. அக்கா கடையில் தண்ணீர்ப் பானைக்கு மூடியாகியிருக்கிறது.

வருகிற மாசிக்கு உன்னை வரச் சொன்னாள். பெயர் வைக்கும்போது நீ அவள் பக்கத்தில் நிற்க வேண்டுமாம், கைவீசிக்கொண்டு வர வேண்டுமாம், போன்கூடக் கூடாதாம். எனக்கு அங்கே இடமில்லை. மற்ற ஆம்பளைகளோடுகூட இல்லை. ஏரிக்கு வெகுதூரத்தில் சிமெண்ட் லாரி போகிற ரோட்டோரம் ஒரு பாலக்கட்டை இருக்கிறதே, அங்கே இருக்கச் சொல்லியிருக்கிறாள். லாரி இரைச்சலில் ஒரு எழுத்தும் காதில் விழாது. நம் குடும்பத்தில் ஏரியில் இறங்கியவளின் புதுப் பெயர் தெரியாத ஒரே மனிதனாக நான் சாவேன். சரிதான்.

அன்றைக்கு நான் அங்கேயும் ஏரிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். வெறும் முதுகு. நீங்கள் பாடி முடித்து, கரையேறி வந்தவள் சாப்பிட்டுப் போன பிறகு, எனக்கு ஒரு உருண்டை களி எடுத்துக்கொண்டு அந்த ரோட்டுக்கு வா. அப்போது நான் இளித்துக்கொண்டே, "என்ன பேருடி வச்சீங்க, சித்தப்பன்கிட்ட மட்டும் சொல்லு" என்று கெஞ்சுவேன். என்னை உனக்குத் தெரியும். கட்டாயம் கெஞ்சுவேன். சொல்லிவிடாதே.